நெருப்பைப் பட்டினி போட்டவர்

அறுவடை இயந்திரம் வயலை விட்டு இறங்கியதும் எல்லோரும் முதலில் தேடுவது அவரைத்தான். தீக்காரர் என்றே கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையிலும், மனைவிக்குக் கோபம் தலைக்கேறும்போதும் மட்டும் வெளியே வரும்.

அந்தப் பக்கத்தில் மக்காச்சோளம்தான் முக்கியப் பயிர். இயந்திரம் கதிரை மட்டும் கொய்துகொண்டு போய்விடும். முழங்கால் உயரத்துக்குத் தட்டை அப்படியே நிற்கும். மாடுகள் இருந்த காலத்தில் அதை அறுத்துப் போட ஆள் வந்தார்கள். மாடு குறைந்தது, ஆட்களும் குறைந்தார்கள். அடுத்த விதைப்புக்கு நாள் நெருங்கிக்கொண்டிருக்கும். தட்டையை மடக்கி உழுதால் கலப்பையில் சுற்றிக்கொள்ளும், மக்குவதற்குள் பருவம் தாண்டிவிடும். கொளுத்திவிட்டால் ஒரே மாலையில் வயல் சுத்தம்.

தீ வைப்பது என்ன பெரிய வித்தை என்று நினைத்தவர்கள் ஒருமுறை தாங்களே வைத்துப் பார்த்துவிட்டு அவரிடம் வந்தார்கள். அவர் வயலைச் சுற்றி ஒரு நடை நடப்பார். ஒரு பிடி புழுதியை எடுத்துத் தூவி, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். வரப்போரத்தில் ஒரு பட்டை அகலத்துக்குத் தட்டையைச் சீவி எறிவார். அப்புறம் காற்று போகிற திசையின் கடைசியில் போய் நின்று பற்றவைப்பார். தீ காற்றை எதிர்த்துக்கொண்டு மெல்ல நடந்து வரும். பாய்ந்து ஓடாது. "நாய்க்குட்டியைக் கூட்டிட்டு வர்ற மாதிரி கூட்டிட்டு வர்றாருப்பா" என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. ஒரு பெரிய விஷயம் தன் சொல் கேட்டு நடக்கிறது என்பதில் எந்த மனிதனுக்கும் ஒரு சந்தோஷம் இருக்கும். அவருக்கும் இருந்தது. கண் எரியும், சட்டையில் வாடை போகாது, அறுவடைக் காலம் முழுக்க வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும். அதெல்லாம் வெயில் மழை மாதிரி, வரும் போகும் என்று இருந்துவிட்டார்.

மண் இறுகிக்கொண்டு வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகாமல் மேலேயே நின்று, பிறகு வழிந்தோடியது. டிராக்டர் ஓட்டுகிறவர் ஒரு கியர் இறக்கித்தான் உழ முடிந்தது. உர மூட்டை ஒவ்வொரு பருவமும் கூடியது. "மண்ணுக்கு வயசாயிடுச்சு" என்று பேசிக்கொண்டார்கள். அதற்கும் கொளுத்துகிற தட்டைக்கும் முடிச்சுப் போட்டு யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

தீக்காரருக்கு ஒரே தங்கை. அவளைப் பக்கத்திலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசாதவர், வேலையில் கெட்டிக்காரர். சோளத்தில் சலித்துப்போய், நிலத்தில் பாதியை எலுமிச்சைக்கு மாற்றினார். சொட்டு நீர்க் குழாய் போட்டு, ஒவ்வொரு கன்றுக்கும் குச்சி நட்டு, குழந்தை மாதிரி வளர்த்தார். கன்றுகள் இடுப்பு உயரம் தாண்டி முதல் பூ வைத்த வருடம்தான் அது நடந்தது.

பக்கத்து வயலில் தட்டை கொளுத்த வேண்டும் என்று தீக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாம் வழக்கம் போலத்தான் செய்தார். புழுதி தூவினார், வரப்பைச் சீவினார். தீ பாதி வயலைத் தாண்டியிருந்தபோது காற்று நின்றது. நின்ற காற்று வேறு பக்கத்திலிருந்து எழும்பியது. நடந்துகொண்டிருந்த தீ ஓட ஆரம்பித்தது. வண்டிப்பாதைதான் குறுக்கே இருந்தது. எரிந்துகொண்டிருந்த சருகு ஒன்று அதைத் தாண்டிப் பறந்து, எலுமிச்சைக்குக் கீழே ஈரம் காயாமலிருக்க மூடாக்காகப் போட்டிருந்த காய்ந்த புல்லில் விழுந்தது.

ஈரச் சாக்கால் அடித்தார்கள். குடத்தில் தண்ணீர் மொண்டு ஓடினார்கள். தீக்காரரின் புருவம் கருகியது, உள்ளங்கை கொப்பளித்தது. தீ அடங்கியபோது ஒரு மூலையில் கொஞ்சம் கன்றுகள் மட்டும் பச்சையாக நின்றன. கறுப்புக் குழாய்கள் உருகித் தரையோடு ஒட்டிக்கிடந்தன.

மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சத்தம் போடுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் வண்டியின் ஸ்டாண்டைக்கூடப் போடவில்லை, பிடித்துக்கொண்டே நின்றார். கடைசியில், "மச்சான், உங்களையே கூப்பிடச் சொன்னது நான்தான். வயல்காரர் வேற ஆளைப் பாக்கறேன்னார். எங்க மச்சான்னா பயமில்லைன்னு சொன்னேன்" என்றார்.

அதற்குமேல் அவர் தீக்காரரிடம் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறமும்.

ஈடு செய்கிறேன் என்று ஆள் அனுப்பினார் தீக்காரர். வேண்டாம் என்று பதில் வந்தது. கன்று வாங்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தார். அவை வாசலிலேயே வாடின. தங்கை மட்டும் எப்போதாவது, புருஷன் வெளியூர் போன நாளில், வந்து சமையலறையில் உட்கார்ந்து அண்ணியிடம் பேசிவிட்டுப் போவாள். அண்ணனைப் பார்த்தால் கண் கலங்கும், அதனால் பார்க்காமல் பேசுவாள்.

தீக்காரர் தொழிலை விட்டார். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். மூட்டை தூக்கினார், கொஞ்ச நாள் ஒரு மரக்கடையில் காவல் இருந்தார். எதிலும் மனம் ஒட்டவில்லை. வீட்டில் தேநீருக்கு அடுப்பு பற்றவைக்கச் சொன்னால்கூட எழுந்து வெளியே போய்விடுவார்.

"அடுப்புமா உங்ககிட்ட கோவிச்சுக்கிச்சு?" என்று மனைவி கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. அவளும் அந்த நகைச்சுவையை அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த வருடம்தான், மூடிக்கிடந்த பழைய பஞ்சு ஆலைக் கொட்டகையைச் சில பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்தார்கள். தட்டையைக் கொளுத்தாமல் கரியாக்கி மண்ணில் போடுவது அவர்கள் திட்டம். வழிகாட்ட நகரத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்திருந்தார். எல்லோருக்கும் அவர் 'மேடம்'. வயதில் தீக்காரரின் மகள் மாதிரி இருப்பார்.

சனங்களுக்கு இதில் நம்பிக்கை வராததற்குக் காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பெரிய மின் நிலையம் கட்டினார்கள். சுற்றியுள்ள அத்தனை வயல்களின் தட்டையும் அங்கே போய் எரிந்து கரண்டாக வரும் என்றார்கள். லாரி லாரியாக ஏற்றினார்கள். தட்டை என்பது பார்க்க மலை, எடையில் பஞ்சு. லாரி நிறைந்துவிடும், எடைமேடையில் முள் அசையாது. பாதி தூரம் போவதற்குள் டீசல் செலவு தட்டையின் விலையைத் தின்றுவிடும். நிலையம் துருப்பிடித்து நிற்கிறது. வாசலில் இருந்த காவலாளியைத் தவிர அதில் உள்ளூர் ஆள் ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை.

"அதனாலதான் நாங்க தட்டையை உலைக்குக் கொண்டு வரப்போறதில்லை" என்று மேடம் முதல் கூட்டத்தில் சொன்னார். "உலை தட்டைகிட்ட போகும்."

உலை என்றால் ஓர் இரும்புத் தொட்டி. வாய் அகலம், அடி குறுகல், பெரிய புனல் மாதிரி. கீழே இரண்டு சக்கரம். டிராக்டரில் மாட்டி எந்த வயலுக்கும் இழுத்துப் போகலாம். பார்த்தவர்கள் இதுவா என்று உதட்டைப் பிதுக்கினார்கள்.

தீக்காரரின் மனைவி முதல் ஆளாய் வேலைக்குச் சேர்ந்தாள். தட்டை அறுப்பது, உலர்த்துவது, கட்டுகளாகக் கட்டி அடுக்குவது. சாயங்காலம் முகமெல்லாம் கரியாக வந்து நிற்பாள்.

"கண்ணாடியைப் பாத்தியா?" என்பார் அவர்.

"இத்தனை வருஷம் நீங்க இப்படித்தான் வந்து நின்னீங்க. நான் கேட்டேனா?" என்பாள் அவள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பெண்களில் யாரும் தொட்டியின் பக்கத்தில் நிற்க முன்வரவில்லை. நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பும். முதல் நாளே ஒருத்தியின் சேலை நுனி பொசுங்கியது. மேடம் ஒருவரே எரிப்பதைப் பார்த்துக்கொண்டார். அவர் மற்ற ஊர்களுக்கும் போக வேண்டியவர். அவர் இல்லாத நாளில் உலை சும்மா கிடந்தது.

"எங்க வீட்டுல ஒருத்தர் நெருப்புக்குப் பயப்படாம இருந்தார்" என்று தீக்காரரின் மனைவி மேடத்திடம் சொன்னாள். "இப்ப நெருப்பைத் தவிர வேற எதுக்கும் பயப்படறதில்லை. கேட்டுப் பாக்கறேன்."

அவர் முடியாது என்றார். எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே பதில். ஒருநாள் சாப்பிடும்போது அவள் தட்டில் கை வைத்தபடியே சொன்னாள். "அந்த எலுமிச்சை எரிஞ்சதுல உங்களுக்கு மட்டும் வலின்னு நினைச்சீங்களா? நானும்தான் அந்த வீட்டு வாசல்படி மிதிக்க முடியாம நிக்கறேன். உங்க மாப்பிள்ளையை அண்ணே அண்ணேன்னு கூப்பிட்ட வாய் இது. நீங்க வீட்டுக்குள்ள உக்காந்துட்டா அது சரியாயிடுமா?"

மறுநாள் அவர் கொட்டகைக்குப் போனார். வேலைக்கு என்று சொல்லவில்லை, பார்த்துவிட்டு வருவதாகத்தான் சொன்னார்.

பார்த்தவருக்கு நெருப்பு ஒரு மாதிரி மந்தமாக எரிவதாகப் பட்டது. கை சும்மா இருக்கவில்லை. ஒரு கம்பை எடுத்து அடியில் விட்டுக் கிளறினார். தீ குபீரென்று பிடித்தது. பெண்கள் பின்வாங்கினார்கள். அவருக்கு முகத்தில் பழைய களை வந்தது. இன்னும் கிளறினார். சாயங்காலம் தொட்டியைக் கவிழ்த்தபோது ஒரு கூடை சாம்பல் இருந்தது. கரி, தேடினால் கொஞ்சம்.

மேடம் கோபப்படவில்லை. "அண்ணா, நீங்க நெருப்பை வளக்கறீங்க" என்றார். "இங்க அதைப் பட்டினி போடணும்."

"பட்டினி போட்டா அணைஞ்சு போயிடுமே."

"முழுப் பட்டினி இல்லை. மேல இருக்கற தீ காத்தையெல்லாம் தின்னுடணும். அடியில இருக்கறதுக்கு ஒரு வாய் காத்துகூடக் கிடைக்கக் கூடாது. காத்து கிடைக்காம வெந்தா கரி. கிடைச்சா சாம்பல்."

மேல் அடுக்கில் வெள்ளை சாம்பல் பூக்க ஆரம்பிக்கும் நேரம் பார்த்து அடுத்த அடுக்குத் தட்டையைப் பரப்ப வேண்டும். முந்தினால் புகையும், பிந்தினால் கரி சாம்பலாகும். கிளறவே கூடாது. இவ்வளவுதான் வேலை. கேட்க ஒரு நிமிடம். கைக்கு வர அவருக்கு அந்தப் பருவம் முழுக்க ஆனது. காலம் முழுக்க நெருப்புக்கு வழி விட்டுப் பழகிய கை. முதல் சில தொட்டிகளில் ஒவ்வோர் அடுக்கையும் போட்டுவிட்டு, அவரே தன் கையைத் துண்டால் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு நின்றார். பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

அவர் கவனித்த ஒரு விஷயம், புகை இல்லை என்பது. உலர்ந்த தட்டையாக இருந்து, நேரம் தப்பாமல் போட்டால், தொட்டிக்கு மேலே காற்று நடுங்குவது மட்டும்தான் தெரியும். அவர் சட்டையில் வாடை ஏறவில்லை. "அப்ப இத்தனை வருஷம் மேல போனதெல்லாம் என்ன?" என்று மேடத்திடம் கேட்டார்.

"மண்ணுக்குப் போக வேண்டியதுதான்."

தீக்காரர் அணைத்து ஆறிய கரித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து இன்னொன்றில் தட்டினார். சில்லு தட்டுவது மாதிரி கணீரென்றது. நசுக்கினால் பொடியானது. அந்தப் பொடிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைய இருக்கிறதாம். அதில் தண்ணீர் தங்கும், மண்ணுக்கு நல்லது செய்கிற கிருமிகள் குடியேறும். ஆனால் கரியை அப்படியே போடக் கூடாது. சாணக் கரைசலில் ஊறவைத்து, மட்கிய குப்பையோடு கலந்து, கொஞ்ச காலம் வைத்திருந்து அப்புறம்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் வெறும் வயிற்றோடு உள்ளே போகிற கரி பயிருக்கு உள்ள சத்தையே முதலில் உறிஞ்சிக்கொள்ளும்.

"போட்டா எத்தனை நாள் மண்ணுல இருக்கும்?" என்று அவர் கேட்டார்.

"உங்க பேரப்பிள்ளைங்க காலத்துலயும் இருக்கும்."

"அப்ப தப்பா போட்டாலும் அப்படியே இருக்கும்" என்றார் அவர். மேடம், ஆமாம் என்றார்.

இரண்டாவது அறுவடைக்கு உலையைக் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் கொட்டகை வாசலில் தங்கை வந்து நின்றாள். எரிந்த எலுமிச்சை நிலத்தில் மறுபடி சோளம்தான் போட்டிருந்தார்கள். அறுவடை முடிந்து தட்டை நிற்கிறது. மாப்பிள்ளை வெளியூரிலிருந்து ஓர் ஆளைத் தீ வைக்கக் கூப்பிட்டிருக்கிறாராம்.

"அவருக்கா தீ வைக்கணும்னு ஆசை?" என்றாள் தங்கை. "பத்து தடவை எழுந்து எழுந்து உக்காந்தார். விதைப்புக்கு நாள் இல்லை, வேற வழி இல்லைங்கறார். நான் சொல்லிட்டேன். இன்னொரு தடவை அந்த நிலத்துல தீ வெச்சா நான் அங்க கால் வைக்க மாட்டேன்னு."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?" என்றாள் அண்ணி.

"உங்க அண்ணன் தொட்டி வந்தா மட்டும் அது தீ இல்லையான்னு கேட்டார்."

"கேள்வி சரிதானே" என்றார் தீக்காரர், கட்டு கட்டிக்கொண்டே.

தங்கை அண்ணனை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தாள். "அப்ப வந்து பதில் சொல்லுங்க."

உலை போனது. பெண்கள் முன்னாடியே போய்த் தட்டையை அறுத்து வெயிலில் பரப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மருந்தடிக்கிற கைத்தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். தொட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீக்காரர் புழுதி எடுத்துத் தூவினார். காற்று இல்லை. இருந்தாலும் தொட்டியைச் சுற்றி அகலமாகத் தரையைச் சுரண்டச் சொன்னார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அகலம்.

பகல் முழுக்க அவர் எரித்தார், மாப்பிள்ளை நின்றார். சாப்பிடக் கூப்பிட்டார்கள், மாப்பிள்ளை போகவில்லை. அதனால் தீக்காரரும் போகவில்லை. ஒரு தடவை ஒரு சருகு மேலே எழும்பியது. மாப்பிள்ளையின் கை தெளிப்பான் பிடியை இறுக்கியது. சருகு சுரண்டிய தரையிலேயே விழுந்து கறுத்துப்போனது. தீக்காரர் அதைச் செருப்பால் தேய்த்தார். அப்போது இரண்டு பேரின் பார்வையும் அந்த ஒரே இடத்தில் இருந்தது.

வெயில் சாயும்போது தொட்டி நிறைந்தது. இனி தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். தண்ணீர் வண்டிக்காரர் வழியில் டயர் பஞ்சராகி நிற்பதாகச் சொல்லி அனுப்பினார். தாமதித்தால் பகல் முழுக்க வெந்த கரி கண்ணெதிரே சாம்பலாகும். குடத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். மேலே வெள்ளை பூத்துவிட்டது. தீக்காரர் மாப்பிள்ளையிடம் கிணற்றுத் தண்ணீர் கேட்கவில்லை.

மாப்பிள்ளை தெளிப்பானைக் கழற்றி அதன் மூடியைத் திறந்து, முழுத் தண்ணீரையும் தொட்டியில் கவிழ்த்தார். ஆவி சீறிக்கொண்டு எழுந்தது. அது எந்த மூலைக்கும் போதாது. அவர் கிணற்றுப் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு நீளக் குழாயை இழுத்துக்கொண்டு வந்து தொட்டிக்குள் விட்டார். கரி கறகறவென்று அடங்குவதை அவரே நின்று பார்த்தார். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. நடந்தது வேறு.

கரியை ஊறப்போட வேண்டும் என்று பெண்கள் சொல்லிவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பொறுமை இல்லை. பெரும்பகுதியைச் சாணக் கரைசலில் போட்டார். சாலையோரத்து மூலைக்கு மட்டும், கரிதானே என்று, அப்படியே கொட்டி உழுதுவிட்டார். பயிர் முளைத்தது. மற்ற இடமெல்லாம் பச்சை, அந்த மூலை மட்டும் மஞ்சள் பூசியது போல வெளிறி நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லோர் கண்ணிலும் படுகிற மூலை அது. "கரி வெச்ச வயல் பாத்தீங்களா?" என்று டீக்கடையில் பேச்சு ஓடியது. உலைக்கு முன்பதிவு செய்திருந்த இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள்.

மாப்பிள்ளை கொட்டகைக்கு வந்தார். நேராகத் தீக்காரரிடம் போனார்.

"மச்சான், இதுக்குத்தானா அன்னிக்கு என் கிணத்துத் தண்ணியை ஊத்தினேன்?"

கட்டு அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். தீக்காரருக்குத் தன் காதில் விழுந்தது சரிதானா என்றே சந்தேகம் வந்தது. அத்தனை காலத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"ஊறப்போடச் சொன்னோமே, மாப்ளே" என்றார் மெதுவாக.

"சொன்னீங்க. ஏன் ஊறப்போடணும்னு சொன்னீங்களா? போடலைன்னா இப்படி மானம் போகும்னு சொன்னீங்களா?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உங்ககிட்டயா? நான்தான் உங்ககிட்ட பேசறதில்லையே."

"அது என் தப்பா?"

"பின்ன யார் தப்பு?"

குரல் ஏறியது. பேச்சு கரியிலிருந்து எலுமிச்சைக்குப் போனது. எலுமிச்சையிலிருந்து, கல்யாணத்தில் யாரோ யாரையோ சரியாக வரவேற்கவில்லை என்பது வரைக்கும் போனது. ஒரு பெண் பதறிப்போய்த் தீக்காரரின் மனைவியிடம், "அக்கா, போய் விலக்கி விடுங்க" என்றாள்.

"விடு" என்றாள் அவள். "சண்டையாவது போடறாங்களே. ரொம்ப நாளா அதுக்கே ஆளில்லாம கிடந்தாங்க."

கத்திக் கத்தி இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியது. தண்ணீர்ப் பானை ஒன்றுதான் இருந்தது. ஒருவர் குடித்துவிட்டு டம்ளரை மற்றவரிடம் நீட்டினார். யார் நீட்டியது, யார் வாங்கியது என்று அங்கே இருந்தவர்கள் இன்னமும் வேறு வேறாகச் சொல்கிறார்கள்.

அன்றைக்கே மேடத்துக்குப் போன் போட்டார்கள். அந்த மூலைக்குச் சாணக் கரைசலைத் திரும்பத் திரும்ப ஊற்றச் சொன்னார். தீக்காரர் வாளி சுமந்தார், மாப்பிள்ளை ஊற்றினார். மூலை பாதிதான் தேறியது. அதில் வந்த கதிர் சிறுத்துத்தான் இருந்தது. மாப்பிள்ளை அந்த இடத்தை மறைக்கவில்லை. கேட்டவர்களிடம், "அது கரி செஞ்சதில்லை, நான் செஞ்சது" என்று சொன்னார். வேண்டாம் என்றவர்களில் ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் வரவில்லை.

மண்ணில் மாற்றம் சட்டென்று தெரியவில்லை. முதல் வருடம் விளைச்சல் முன்பு போலத்தான். அடுத்த மழைக்காலத்தில் தங்கைதான் முதலில் கவனித்தாள். பக்கத்து வயலில் தண்ணீர் குளம் கட்டி நின்றது, இவர்கள் வயலில் இல்லை. எங்கே வழிந்துவிட்டதோ என்று வரப்பைச் சுற்றிப் பார்த்தாள், உடைப்பு எங்கும் இல்லை. உள்ளே போயிருந்தது. அதற்கு அடுத்த உழவில் டிராக்டர்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, கலப்பை மாட்டியிருக்கிறதா கழன்றுவிட்டதா என்று திரும்பிப் பார்த்ததாகச் சொல்வார்கள். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். இருந்தாலும் கியர் இறக்காமல் உழுதது உண்மை.

உலைக்குக் கிராக்கி கூடியது. ஒரே தொட்டியை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியவில்லை. கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். அதற்குள் தீக்காரரின் மனைவி அந்தக் குழுவுக்குத் தலைவியாகியிருந்தாள். வேலை நேரத்தில் அவர் அவளை 'நீ' என்று கூப்பிடுவதை அவள் அனுமதிப்பதில்லை என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

அவளுக்குப் பெரிய யோசனை இருந்தது. நெடுஞ்சாலையோரம் கூரை போட்டு ஒரு பெரிய உலை. மழையிலும் வேலை நடக்கும். கண்ணுக்கு முன்னால் ஒரு கட்டடம் இருந்தால்தான் நாலு பேர் மதிப்பார்கள். அவள் நன்றாகவே பேசினாள். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

தீக்காரர் எழுந்தார். "தலைவியம்மா சொல்றது எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. மழை வந்தா நாம கையைக் கட்டிட்டு உக்காரத்தான் செய்றோம். ஆனா பெரிய உலைன்னா அதுக்குத் தினமும் தீனி போடணும். தீனிக்கு லாரி வேணும். லாரின்னு வந்தா அந்த மின் நிலையத்துக்கு வந்த கதைதான் நமக்கும்."

"அது கரண்டுக்கு. இது கரி" என்றாள் அவள்.

"தட்டை அதே தட்டைதானே."

அவள் முகம் இறுகியது. அன்று இரண்டு பேரும் வீட்டுக்குத் தனித்தனியாகத்தான் போவார்கள் என்று எல்லோருக்கும் தோன்றியது. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பெண் பேசினாள். படுக்கையில் கிடக்கிற அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவள். கூட்டங்களில் வாயே திறக்க மாட்டாள்.

"எனக்குப் பெரிசு சின்னது தெரியலை. அப்பாவுக்கு மதியம் போய்ச் சோறு ஊட்டிட்டு வர முடியுது, அதனால இந்த வேலைக்கு வர்றேன். உலை நெடுஞ்சாலைக்குப் போனா நான் வர முடியாது. அவ்வளவுதான்."

அவள் உட்கார்ந்ததும் இன்னொருத்தி, எனக்கும் அப்படித்தான் என்றாள். தலையாட்டிய பாதிப் பேரில் பலர் வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தார்கள். தலைவி, "சரி, சின்னத் தொட்டியே இன்னும் கொஞ்சம் செய்வோம். ஊருக்கு ஒண்ணு. ஆனா தட்டையை நனையாம வைக்க எனக்குக் கூரை வேணும். அதுல யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றாள். யாரும் திறக்கவில்லை, தீக்காரர் உட்பட.

தொட்டிகளை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்தார்கள். முதல் தொட்டியில் சாய்வு தப்பிப்போய் அடி அகன்றுவிட்டது. அதில் எரித்தால் பாதி சாம்பல். அதை இப்போது சாணம் கரைக்க வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்தவை சரியாக வந்தன.

இப்போது தீக்காரருக்கு வேலை, தொட்டி போகிற புது ஊர்களுக்கெல்லாம் போய் முதல் சில நாள் கூட நிற்பது. போன அறுவடையில் ஆற்றைத் தாண்டியிருக்கும் ஓர் ஊருக்குப் போனார். அங்கே எரிக்க முன்வந்தவர் முன்பு பள்ளிக்கூடத்தில் சமையல் செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணி. நெருப்பு அவருக்குப் பழக்கம்தான், ஆனால் அவரும் கிளறுகிற கை. தீக்காரர் ஒன்றிரண்டு தடவை சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் வெள்ளை பூக்கக் காத்திருந்து, ஒரு கட்டுத் தட்டையை எடுத்து, பரப்பலாமா என்பதுபோல் திரும்பிப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்கம்மா. அதைப் பாருங்க" என்றார்.

தூரத்தில் வேறு யாருடைய வயலிலோ தட்டை எரிந்துகொண்டிருந்தது. புகை ஒரு தூண் மாதிரி எழுந்து, மேலே போய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காற்று எந்தத் திசையில் இருக்கிறது என்று அதைப் பார்த்தே அவருக்குத் தெரிந்தது. அங்கே தீ வைத்தவர் சரியான பக்கத்திலிருந்துதான் வைத்திருந்தார். அந்த ஆளின் வயலைத் தேடிப் போய்ப் பேச வேண்டும் என்று தீக்காரர் நினைத்துக்கொண்டார். என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

தொட்டியின் மேல் புது அடுக்கு விழுந்து, ஒரு கணம் புகைந்து, பிறகு தெளிவாகப் பிடித்தது. அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டை அவிழ்க்கக் குனிந்தார்.